உதிரும் மயிரும் மூன்று திங்கட் கணக்கும்

தமிழகத்திலிருந்து இவ்வடபுலப் பல்கலைக்கழகத்திற்குப் படிக்க வரும் நம்மவர், வந்த ஆண்டிலேயே ஒரு குறையைத் தவறாமற் சொல்லக் கேட்கிறோம். ஆடியில் வந்து சேர்கிறார்கள். ஐப்பசி வரையில் குறை ஒன்றும் இல்லை. கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்ததும் சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வருகிறது. குளியலறையில் நீர் போகும் வாயை மயிர்ச்சுருள் அடைத்துக்கொள்கிறது. தலையணை உறையிலும் அதுவே. புத்தகத்தின் இடுக்கிலும் அதுவே. உடனே விடுதி முழுவதும் ஒரே தீர்ப்பு: "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை." வீட்டிற்குத் தொலைபேசியிற் சொன்னால் அம்மாவும் அதையே சொல்கிறார். அடுத்த அறை மலையாள நண்பரும் எதிரறை வங்காள நண்பரும் ஆமாம் என்கின்றனர். இத்தனை பேர் ஒருமுகமாகச் சொல்லும் ஒன்றை மறுப்பது எளிதன்று. ஆயினும் மறுக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரின் மேற் பழியைப் போட்டுவிட்டு, மெய்யான காரணத்தை உடம்பிலேயே வைத்துக்கொண்டு மெலிகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'மயிர்' என்று எழுதினால் முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. அது நல்ல பழந்தமிழ்ச் சொல். தம் நிலையினின்று தாழ்ந்தவரைத் தலையினின்று உதிர்ந்ததற்கு ஒப்பிட்டபோது வள்ளுவர் அச்சொல்லைத்தான் ஆண்டார். கெட்டுப்போனது சொல்லன்று, அதை வசைக்கு எடுத்துக்கொண்ட நம் வாய்தான். ஆகவே இக்கட்டுரையில் மயிர் மயிராகவே வரும்.

மயிர் தோலின் மேல் நட்டுவைத்த நார் அன்று. தோலுக்குள் புதைந்துள்ள மயிர்க்கால் என்னும் நுண்ணிய குழியிலிருந்து அது வளர்கிறது. மயிர்க்காலின் அடி குமிழ் போலப் பருத்திருக்கும். குருதி நாளங்கள் நிறைந்த சிறு காம்பு ஒன்று அக்குமிழுக்குள் நுழைந்து உணவு ஊட்டுகிறது. காம்பைச் சூழ்ந்த உயிரணுக்கள் ஓயாது பிரிந்து பெருகுகின்றன. பெருகியவை மேல்நோக்கித் தள்ளப்பட்டு, கெரட்டின் என்னும் புரதத்தால் இறுகி, உயிரற்ற இழையாகி வெளியே வருகின்றன. நாம் எண்ணெய் தடவுவதும், வாருவதும், பின்னிப் பூச்சூடுவதும் அந்த உயிரற்ற இழைக்கே. உயிருள்ள பட்டறை உள்ளே இருக்கிறது. உடம்பில் மிக விரைவாகப் பெருகும் அணுக்களுள் இப்பட்டறையின் அணுக்களும் சேரும். ஆதலின் உணவுக் குறைவும் நோயும் நஞ்சும் அங்கே விரைவில் உறைக்கும்.

இப்பட்டறைக்குப் பருவங்கள் உண்டு. முதலாவது வளர்பருவம். தலையில் இது 2 முதல் 6 ஆண்டு வரை நீடிக்கும். மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மயிர் வளர்கிறது. வளர்பருவம் 3 ஆண்டே உடையவருக்குக் கூந்தல் 36 சென்டிமீட்டருக்கு மேற் போகாது. 6 ஆண்டு உடையவருக்கு 70 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒருத்தி கூந்தல் முழங்கால் வரை தொங்குவதும் இன்னொருத்தி கூந்தல் தோளோடு நின்றுவிடுவதும் பெரும்பாலும் இக்கணக்கால்தான். எண்ணெயின் பெருமை அதிற் சிறிதே. புருவ மயிருக்கு வளர்பருவம் சில மாதங்களே. அதனாற்றான் புருவத்தைப் பின்னிக்கொள்ள நேர்வதில்லை.

வளர்பருவம் முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் ஒடுக்கப் பருவம். அணுக்கள் பெருகுவது நிற்கிறது. குமிழ் சுருங்கி மேலே ஏறுகிறது. அதன் பின் ஏறக்குறைய மூன்று திங்கள் ஓய்வுப் பருவம். மயிர் வளர்வதில்லை, உதிர்வதும் இல்லை; பணி முடிந்தும் வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரரைப் போலக் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே புதிய மயிர் அரும்பும் காலத்தில் பழையது கழன்று விழுகிறது. மருத்துவ நூல்கள் இம்மூன்றையும் அனாஜென், கட்டாஜென், டீலோஜென் என்று வழங்கும்.

விழுந்த மயிரை எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகினும் மிகச் சிறிய வெள்ளை மொட்டு ஒன்று தெரியும். அதைக் கண்டதும் "வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதே" என்று கலங்குகிறவர் பலர். அது வேர் அன்று. ஓய்வு பெற்ற மயிரின் காய்ந்த அடி அது. மீண்டும் மயிரை உண்டாக்கவல்ல மூல அணுக்கள் மயிர்க்காலின் நடுப்பகுதியில், நெய்ச்சுரப்பிக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பில் தங்கியிருக்கின்றன. 1990-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சுண்டெலியிற் கண்டனர்; பிறகு மனிதரிலும் கண்டறியப்பட்டது. மயிர் உதிரும்போது அவ்வணுக்கள் உடன் போவதில்லை. விதைநெல் குதிரிலேயே இருக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. தலையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் மயிர். அவற்றுள் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10,000, எந்நாளும் ஓய்வுப் பருவத்தில் இருக்கும். ஓய்வு 100 நாள் என்று கொண்டால், நாளொன்றுக்கு 100 மயிர் உதிர்வது இயற்கை. 50-உம் ஆகலாம், 100-உம் ஆகலாம். இங்கே நம் பெண்களுக்கு ஒரு செய்தி. குளிர்காலத்தில் வெந்நீருக்கு வரிசை நிற்க அஞ்சி, வாரத்திற்கு ஒரு முறையே தலை முழுகுகிறீர்கள். நாள்தோறும் கழன்றவை பின்னலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, முழுக்கு நாளன்று ஒருசேர வெளியே வருகின்றன. அன்று 400 மயிர் கண்டால் அது ஒரு நாட் கணக்கன்று, ஏழு நாள் பாக்கி.

எலியின் உடம்பில் மயிர்கள் அலையலையாக ஒரே காலத்தில் வளர்ந்து ஒரே காலத்தில் ஓயும். மனிதர் தலையில் அப்படியன்று. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனிக் கடிகாரம். பழனியில் மொட்டையடித்துக்கொண்டு வந்தவர் தலையை ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இது விளங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மழித்தாலும், வளர்பருவத்தில் இருந்தவை மட்டும் அரும்பியிருக்கும். ஓய்வில் இருந்தவை அரும்பா. கத்தி மேலே இழையைத்தான் வெட்டியது. உள்ளே இருக்கும் கடிகாரத்திற்கு அது தெரியாது. மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் இதனாலேயே பொருந்தாது. மழிப்பதால் மயிரின் வேகமோ பருமனோ மாறுவதில்லை என்று 1928-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். வெட்டுண்ட முனை மழுங்கலாக இருப்பதால் கைக்கு முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

ஒரு இலட்சம் கடிகாரங்களும் வேறு வேறு நேரம் காட்டுவதனால்தான் நாம் ஆண்டு முழுவதும் உதிர்த்தும் வழுக்கையாகாமல் இருக்கிறோம். ஆனால் உடம்பிற்குப் பெரியதோர் இடி நேரும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. கடுங்காய்ச்சல், அறுவை, மிகுந்த குருதிப்போக்கு, திடீரென உணவைக் குறைத்தல், ஆழ்ந்த துயரம் ஆகியவற்றுள் ஒன்று தாக்கினால், உடம்பு உயிர்காக்கும் உறுப்புகளைப் பேணுவதில் முனைகிறது. கூந்தல் அந்தப் பட்டியலில் கடைசி. இன்னும் ஓராண்டு ஈராண்டு வளர வேண்டிய மயிர்க்கால்கள் பல ஒருங்கே பட்டறையை மூடிவிட்டு ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வில் இருப்பவை பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்காகலாம். முன்சொன்ன கணக்கிலேயே போட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு 300 மயிர்.

கவனிக்க வேண்டியது காலம். பட்டறை மூடப்பட்டது காய்ச்சல் நாளில். மயிர் விழுவது அன்றன்று. ஓய்வுப் பருவம் கழிந்த பின்னரே, இரண்டு மூன்று திங்கள் சென்றே விழுகிறது. அதற்குள் காய்ச்சல் தீர்ந்து, பத்தியம் முடிந்து, தேர்வும் எழுதி, நோய் வந்ததையே மறந்திருப்போம். விழுகின்ற நாளில் கண்முன் நிற்பதைக் காரணமென்று பிடித்துக்கொள்கிறோம்: தண்ணீர், புதுச் சவர்க்காரம், கண்ணேறு. புரட்டாசியில் இவ்வட்டாரத்திற் டெங்கு பரவும். மார்கழியில் மயிர் உதிரும். இரண்டுக்கும் நடுவில் மூன்று திங்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் இதனைத் தெளிவாக விளக்கி டீலோஜென் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். ஓய்வுநிலை உதிர்வு என்று நாம் சொல்லலாம். 2020-இல் பரவிய கொரோனாத் தொற்றிற்குப் பின் உலகெங்கும் எண்ணற்றோர் இவ்வுதிர்வைக் கண்டு அஞ்சினர்.

தாய்மார்க்கும் இதுவே நேர்கிறது. கருவுற்ற காலத்தில் சுரப்புநீர்களின் மிகுதியால் மயிர்கள் ஓய்வுக்குப் போகாமல் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைப்பேற்றின் பின் அவையெல்லாம் சேர்ந்து ஓய்வெடுக்கின்றன. குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு மயிர் கொட்டும் என்று எங்கள் ஊர்ப் பக்கம் பாட்டிமார் சொல்வதுண்டு. சிரிப்பின் மேல் பழி வீண். ஆனால் மாதக் கணக்கில் பாட்டிமார் பிழைபடவில்லை.

சென்ற ஆண்டு நம் மன்றத்து முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு காகித உறையைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு வாரத்து மயிர், எண்ணி முடிந்து வைத்திருந்தாள். "அக்கா, இந்தத் தண்ணியில இன்னும் ஆறு மாசம் இருந்தா எனக்குத் தலையே இருக்காது. ஊருக்கே போயிடலாம்னு பாக்கறேன்" என்றாள். குழாயில் மாட்டும் வடிகட்டி ஒன்று, எண்ணெய் மூன்று வகை, மயிர் வளர்க்கும் மாத்திரை ஒரு புட்டி, இவ்வளவுக்கும் உதவித்தொகையிற் பாதி போயிருந்தது. நான் நாட்காட்டியை எடுத்து மூன்று திங்கள் பின்னோக்கித் திருப்பச் சொன்னேன். செப்டம்பர் இறுதியில் டெங்கு. ஒன்பது நாள் படுக்கை. எழுந்த பிறகு மெஸ்ஸின் ரொட்டியும் ராஜ்மாவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. ஒரு வேளை தயிர்ச்சோறு, மற்ற வேளை தேநீரும் பிஸ்கோத்தும். ஆறு கிலோ இளைத்திருந்தாள். இளைத்ததைத் தோழிகள் பாராட்டியும் இருந்தனர். படியேறினால் மூச்சு வாங்குவதையும் தண்ணீரின் கணக்கிலேயே எழுதியிருந்தாள்.

தண்ணீருக்குரிய நீதியையும் வழங்கிவிடுவோம். கடின நீரில் கால்சிய, மக்னீசிய உப்புகள் மிகுதி. சவர்க்காரம் நுரைக்காது, படிவு மயிரின் மேல் ஒட்டிச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், வலிந்து வாரினால் இழை நடுவில் முறியும். இவை மெய். ஆனால் இவையெல்லாம் வெளியே உள்ள உயிரற்ற இழைக்கு நேர்வன. கோயம்புத்தூர் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முப்பது நாள் கடின நீரில் நனைத்த மயிரின் வலுவும் நெகிழ்ச்சியும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; பின்னர் வேறிடத்துச் சோதனையொன்று வலு குறைவதாகக் கண்டது. எப்படியாயினும் வழக்கு இழையைப் பற்றியதே, மயிர்க்காலைப் பற்றியதன்று. ஐயமுடையவர்கள் உதிர்ந்ததன் முனையைப் பாருங்கள். வெள்ளை மொட்டு இருந்தால் அது தானே கழன்றது. தண்ணீருக்கு அதிற் பங்கில்லை. மொட்டின்றி முறிந்திருந்தால் நீரையும் சீப்பையும் நோகலாம். மேலும், நம் ஊர்ப் போர்க்கிணற்று நீர் மட்டும் என்ன பன்னீரா?

மூன்று திங்கட் கணக்கிற்கு அடங்காத உதிர்வும் உண்டு. சில நாட்களில், இரண்டு மூன்று வாரங்களில் தலை வெறுமையானால், பட்டறை ஓய்வுக்குப் போகவில்லை, அடிபட்டுவிட்டது என்று பொருள். புற்றுநோய் மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும்போது மயிரையும் தாக்குவது இவ்வகை. தாலியம் முதலிய நஞ்சுகளும் அப்படியே. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் மகாராட்டிரத்துப் புல்டானா மாவட்டத்தில், சேகாவ் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஆண், பெண், சிறுவர் பலருக்குச் சில நாட்களுக்குள் மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. அங்கும் முதலில் ஐயுறப்பட்டது தண்ணீர்தான், அடுத்துப் பூஞ்சை. பின்னர் நோயுற்றோர் குருதியில் செலினியம் மிகுந்திருந்தது தெரிந்தது. தேள்கடி மருத்துவத்தால் புகழ்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், நியாயவிலைக் கடைக் கோதுமையில் அது மிகுந்திருந்ததென்று சுட்டிக்காட்டினார். பஞ்சாபின் சில வட்டாரங்களில் மண்ணிலேயே செலினியம் மிகுதி என்பது முன்னரே அறிந்த செய்தி. நுண்ணளவில் உடம்பிற்கு வேண்டிய பொருளே அது. அளவு மீறினால் மயிரையும் நகத்தையும் உதிர்க்கும். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் உதிர்ந்தால் உண்ட பொருளை நினைக்க வேண்டும். விடுதியில் ஒருவருக்கு உதிர்ந்தால் அவருடைய நாட்காட்டியை நினைக்க வேண்டும்.

இன்னொன்று, வட்டமாக ஓரிடத்தில் மட்டும் காசளவு வழவழப்பாவது. நாம் புழுவெட்டு என்கிறோம். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மயிர்க்காலைப் பகையென்று மயங்கி முற்றுகையிடுவதால் வருவது இது. விளிம்பில் நிற்கும் குட்டை மயிர்கள் அடியில் மெலிந்து மேலே பருத்திருக்கும். சிலருக்கு நகத்திற் சிறு குழிகள் காணும். இம்முற்றுகை சிலரிடம் கருமயிரை மட்டும் விரைந்து வீழ்த்தி நரைத்ததை விட்டுவைப்பதுண்டு. 1793-இல் கொலைமேடை ஏறிய பிரெஞ்சு அரசி மேரி அன்டாய்னெட்டின் கூந்தல் ஓரிரவில் நரைத்ததென்னும் கதைக்கு இவ்வாறு விளக்கம் சொல்வோர் உளர். ஓரிரு வட்டங்கள் பெரும்பாலும் ஓராண்டிற்குள் தாமே நிரம்பும். பரவினால் தோல் மருத்துவர் ஊசி போடுவார்; கடுமையான நிலைக்குப் பாரிசிடினிப் என்னும் மாத்திரையும் 2022-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதுவும் மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டிய மருந்து. பூண்டையும் மிளகையும் அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது தேவையில்லை. செதிலும் அரிப்பும் முறிந்த மயிரும் சேர்ந்திருந்தால் அது பூஞ்சைப் படை. பெரும்பாலும் சிறுவருக்கு வருவது. தடவுமருந்து மட்டும் போதாது, உள்ளுக்கும் மருந்து வேண்டும்.

ஆண்களின் நெற்றி ஏறும் வழுக்கை திடீரென வருவதன்று. மரபினால் மயிர்க்கால்கள் ஆண்டாண்டாகச் சிறுத்துப்போவது. காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வு அதை ஒரேயடியாக வெளிப்படுத்திவிடுவதனால், அன்றுதான் வந்ததுபோலத் தோன்றும்.

ஓய்வுநிலை உதிர்வால் எவரும் முழு வழுக்கையாவதில்லை. தாக்கிய காரணம் நீங்கியிருந்தால் மூன்று முதல் ஆறு திங்களில் தானே நிற்கும். நிற்காவிட்டால் காரணம் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டுச் சுரப்பியின் ஏற்ற இறக்கமும் முதலிற் பார்க்கத் தக்கவை. 2019-21-இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர். விடுதியில் உணவு பிடிக்காமல் அரைவயிறு உண்பவள் அவர்களுள் ஒருத்தியாயிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. எண்ணெய்ப் புட்டிகளுக்குச் செலவிடுமுன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்று சோதனைகளையும் செய்துகொள்வது நன்று.

சோதனைக்குப் போகுமுன் ஒன்று: மயிர் வளர்க்கும் மாத்திரைகளிற் பெரும்பாலானவற்றில் பயோட்டின் மிகுதியாக இருக்கும். குருதியில் அது மிகுந்தால் சில ஆய்வுக்கூட முறைகளில் தைராய்டு முதலிய அளவுகள் பொய்யாகக் காட்டும். 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. மாத்திரை உண்பதை மருத்துவரிடம் மறைக்காமற் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்க. அதேபோல் முகப்பருவுக்கு உண்ணும் ஐசோடிரெட்டினாயின், குருதி உறையாமல் தடுக்கும் மருந்துகள் முதலிய சிலவும் மயிரை உதிர்ப்பன. அதற்காக மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது மயிரைக் காக்க உயிரைப் பணயம் வைப்பதாகும்.

உறையில் மயிர் கொண்டுவந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் கீழே இருந்தது. பல்கலைக்கழக நலவாழ்வு நிலையத்தில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். தேநீரோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். தேநீர் இரும்பை உடம்பில் ஏறவிடாது. வேர்க்கடலையும் முட்டையும் கீரையும் அறையிலேயே வாங்கி வைத்து உண்ணப் பழகினாள். மாத்திரை தொடங்கியும் இரண்டு திங்கள் உதிர்வு நிற்கவில்லை. ஓய்வுக்குப் போய்விட்டவை விழுந்துதானே ஆக வேண்டும்? அந்த இரண்டு திங்களில்தான் அவளை ஊருக்குப் போகாமல் நிறுத்துவது பெரும்பாடாயிற்று. மாசியில் சீப்பு இலேசாயிற்று. சித்திரையில் ஒரு நாள் மெஸ்ஸில் எதிரே வந்து உட்கார்ந்து, நெற்றியோரத்தை விளக்கு வெளிச்சத்திற்குத் திருப்பிக் காட்டினாள். வாரினாலும் படியாமல், நாற்றங்காலில் முளைத்த பயிர் போல, இரண்டு விரற்கடை உயரத்தில் குட்டை மயிர்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. குழாயில் மாட்டிய வடிகட்டியை அவள் இன்னும் கழற்றவில்லை.